மாரக்கா கேட்காத மன்னிப்பு

மகனுக்கு,

என் உடம்பு எப்படி இருக்கிறது என்று டில்லியிலிருந்து கேட்டு எழுதியிருக்கிறாய். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. கோபமாக இருக்கிறேன், அவ்வளவுதான். நீ ரயில் ஏறிப் போனபோது இருந்த கோபம் கொஞ்சம் ஆறியிருந்தது. உன் கடிதம் வந்து மறுபடியும் கிளப்பிவிட்டது. "எங்கள் பள்ளியில் பிள்ளைகளே கூடிப் பேசுகிறார்கள், பிள்ளைகளே முடிவு செய்கிறார்கள், அந்த முடிவுக்குத் தலைமையாசிரியரும் கட்டுப்பட்டவர்" என்று அங்கே கல்வி மாநாட்டில் பேசினாயாம். வெகுநேரம் கை தட்டினார்களாம். படித்துவிட்டு அதை அடுப்பில் போடப் போனேன். பிறகு, பதில் எழுதும்போது அந்த வரி கண்ணெதிரே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

இதை ஒட்டி மூடி அனுப்பப் போவதில்லை. தபாலில் போடுவதற்கு முன் பள்ளியில் பிள்ளைகள் முன்னால் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன். அவர்களைப் பெற்றவர்களையும் வரச் சொல்லியிருக்கிறேன். மாரக்காவை நீ எல்லோர் முன்னாலும் வெளியே அனுப்பினாய். உனக்குச் சொல்ல வேண்டியதையும் எல்லோர் முன்னாலும் சொல்வதுதான் முறை. விஷயம் தெரியாதவர்களும் அன்றைக்கு வந்திருப்பார்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதானே என்று தாண்டிப் போகாதே. உனக்குத் தெரிந்தது போல எனக்குத் தோன்றவில்லை.

நீ சிறையிலிருந்து வந்த சில வருஷங்களில் சுதந்திரமும் வந்தது, உன் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். ராயக்கோட்டை ரோட்டில் அவர் கட்டிய கடலைக் கிடங்கைப் பள்ளிக்கூடம் நடத்தக் கேட்டாய். சர்க்கார் பணமும் வேண்டாம், மிஷன் பணமும் வேண்டாம், யார் கைக்கும் அடங்காத ஒரு சின்னப் பள்ளி வேண்டும் என்றாய். கிடங்கையும் அதை ஒட்டிய நிலத்தையும் விட்டுக் கொடுத்தேன். சமையற்கட்டையும் நானே பார்த்துக்கொண்டேன். பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஆடு மேய்ப்பவர் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து களி தின்றார்கள். ஒருவன் தெலுங்கில் கேட்பான், ஒருத்தி கன்னடத்தில் பதில் சொல்வாள், நீ தமிழில் அதட்டுவாய். அந்த வரிசைக்காகவே நம் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் என் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை. என் மகன் செய்கிற காரியம் அப்படி என்று தலை நிமிர்ந்து நடந்தேன்.

அந்தப் பள்ளியில் சனிக்கிழமை என்றால் பாடம் கிடையாது, ஊர்த் தொண்டு. சாவடியில் ஊராருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவது, பஜனை பாடுவது, சுவரில் சுகாதார வாசகம் எழுதுவது, தெருக் கூட்டுவது, சாக்கடை எடுத்துவிடுவது, விடுதிக் கக்கூஸைச் சுத்தம் செய்து சாம்பலும் மண்ணும் போடுவது. பெங்களூரிலிருந்து காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். வட்டார வளர்ச்சி ஜீப்பில் அதிகாரிகள் வருவார்கள். யார் வந்தாலும் நீ உன் சிறைக் கதையைச் சொல்வாய். அங்கே முறை வைத்துக் கக்கூஸ் கழுவியதையும், உன் முறை வந்தபோது முதல் நாள் சாப்பிட முடியாமல் போனதையும், பிறகு அதுவே பெருமையானதையும் சொல்வாய். அந்தக் கதையை முதலில் கேட்டவள் நான். உன் அப்பா பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். நான் முழுக்கக் கேட்டுவிட்டு உனக்கு இன்னொரு முறை சோறு போட்டேன்.

சரி, நம் பள்ளியில் பேப்பர் படித்தது யார்? பாட்டுப் பாடியது யார்? கக்கூஸுக்குச் சாம்பல் கூடை தூக்கியது யார்? நீ பெயர் எழுதி ஒட்டவில்லை. யாரும் யாரையும் பிரிக்கவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் என் தம்பி மகன் சீனுவும் அவனைப் போன்றவர்களும் பேப்பரோடு சாவடிக்குப் போனார்கள். மாரக்காவும் அவளைப் போன்றவர்களும் கூடையோடு பின்பக்கம் போனார்கள். இதை ஒரு தடவை நான் கேட்டபோது, "அவங்களுக்குப் பழகின வேலைம்மா, சுத்தமா முடிப்பாங்க" என்றாய். உன் வாயில் இருந்துதான் அந்த வார்த்தை வந்தது. நீ கழுவினால் அது தியாகம், டில்லி வரைக்கும் போய்ச் சொல்லலாம். அவள் கழுவினால் பழக்கம். இதை எந்த ஊர் நியாயத்தில் படித்தாய் என்று எனக்குச் சொல்.

மாரக்கா யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு. அம்மா முனியம்மா என் தம்பியின் பண்ணையில் கூலி வேலை செய்பவள். அப்பா இல்லை. அண்ணன் பெங்களூரில் ஒரு மில்லில் இருக்கிறான். குரல் மட்டும் பெரியது. அவள் சமையற்கட்டில் வந்து உப்புக் கேட்டால் வெளியே மேயும் மாடு திரும்பிப் பார்க்கும். மாணவர் சபைக்கு இந்த வருஷம் அவளைத் தலைவியாகப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு பானை வைத்து, புளியங்கொட்டை போட்டு, நம் நாட்டுத் தேர்தல் மாதிரியே நடத்தினாய். உனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம். "பார்த்தியாம்மா, சேரிப் பொண்ணுக்குப் பண்ணைக்காரப் பசங்க கொட்டை போட்டிருக்காங்க" என்று குதித்தாய்.

அந்தச் சபை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடியபோது நானும் அரிசி புடைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மாரக்கா எழுந்து நின்றாள். "சார், சனிக்கிழமை இங்க கூடை தூக்கறன். ஞாயித்துக்கிழமை எங்கம்மா கூடப் போயிப் பண்ணையில சாணி அள்றன். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குது. எது தொண்டு, எது கூலின்னு எனக்குத் தெரியல. பேப்பரு படிக்க எனக்கும் வரும். எல்லார் பேரையும் எழுதி சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பாக்கலாம். எதுக்கு யார் வராங்களோ அவங்க செய்யட்டும்" என்றாள். யாரையும் குறை சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் இல்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். நீயும் "சபை முடிவு செய்யட்டும்" என்றாய். புளியங்கொட்டை போட்டார்கள். சீட்டுத்தான் என்று முடிவானது. சீனுவும் சீட்டுக்குத்தான் போட்டான். அவனே பிறகு என்னிடம் சொன்னான்.

அந்தச் சனிக்கிழமை சீட்டில் சீனுவுக்குக் கக்கூஸ் வேலை வந்தது, மாரக்காவுக்குப் பேப்பர் வந்தது. நான் இரண்டையும் பார்த்தேன். சீனு வேலி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். பிறகு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு திரும்பி உள்ளே போனான். முடித்துக் குளித்துவிட்டு வந்து, "அத்தை, பசிக்குது, ரெண்டு உருண்டை போடு" என்றான். அவன் முகத்தில் அவமானம் எதுவும் இல்லை. கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. சாவடியில் மாரக்கா யாரையோ திட்டுவது போல உரக்கப் படித்தாள். அணை கட்டுவது பற்றியும் ஐந்தாண்டுத் திட்டம் பற்றியும் ஏதோ செய்தி. பெரிய மனிதர்கள் சிலர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். அதற்கு முன் ஒரு நாளும் சாவடிப் பக்கம் வராத முனியம்மாவும் நாலைந்து பெண்களும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்கள். முனியம்மாவுக்கு அதில் ஒரு வரியும் புரிந்திருக்காது. ஆனாலும் முடிகிற வரைக்கும் நின்றாள்.

மறுநாள் என் தம்பி வந்தான். பள்ளிக் கமிட்டித் தலைவன் என்ற முறையில் வந்தானோ, அப்பன் என்ற முறையில் வந்தானோ, கூட ஆள்களோடு வந்தான். "என் பையன் கையில தொடப்பமா? அதுவும் எங்கிட்ட கூலி வாங்கறவ பொண்ணு சொல்லி இவன் செய்யறதா? ஊர்ல நான் எப்பிடி நடக்கறது? நாளைக்கே எல்லாப் புள்ளைங்களையும் நிறுத்திப்புடுவேன்" என்று கத்தினான். அவன் அப்படித்தான் கத்துவான். அவனை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள், எனக்குத் தெரியாதா? அவன் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவன் எந்தக் காலத்திலும் எல்லோரும் சமம் என்று சொன்னவன் இல்லை. சொன்னவன் நீ.

திங்கட்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் நீ என்ன பேசினாய் என்று பிள்ளைகள் அனைவருக்கும் மனப்பாடம். "சபை அவசரப்பட்டுவிட்டது. தொண்டில் உயர்வு தாழ்வு கிடையாது. அதனால் அவரவருக்குப் பழகிய தொண்டை அவரவர் செய்வதே அழகு. இனி அடுத்த உத்தரவு வரும்வரை சபை கூடாது." இவ்வளவு அழகான பேச்சில் இவ்வளவு பெரிய அநியாயத்தைச் சொல்ல எங்கே கற்றுக்கொண்டாய்? அதோடு விட்டாயா? மாரக்காவை முன்னால் கூப்பிட்டு, சீனுவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாய். அவள், "நான் இன்னா தப்பு செஞ்சன் சார்? சீட்டுதான அவன் பேரச் சொல்லிச்சு?" என்றாள். "பணிவைக் கற்றுக்கொண்டு வா, அதுவரை வீட்டில் இரு" என்றாய். அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். வாசல் வரைக்கும் போய் நின்று, கூப்பிடுவாய் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நீ வருகைப் பதிவைப் புரட்டிக்கொண்டிருந்தாய்.

அன்று நீ சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். "அம்மா, உனக்குப் புரியாது. பள்ளிக்கூடம் நடக்கணும்னா கொஞ்சம் வளைஞ்சு குடுத்துத்தான் ஆகணும்" என்றாய். "நீ எங்கடா வளைஞ்ச? அவளைத்தான வளைக்கப் பாத்த?" என்றேன். கை கழுவிக்கொண்டு எழுந்தாய். அப்புறம் டில்லிக்கு மூட்டை கட்டினாய்.

நீ ஓசூரில் மூன்றாவது படிக்கும்போது ஒரு வாத்தியார் இருந்தார். வகுப்பில் தெலுங்கு பேசினான் என்று உன் பக்கத்துப் பையனைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார். நீயும் ஏறி நின்றுகொண்டாய். இறங்கு, நீ ஒன்றும் பேசவில்லையே என்று அவர் சொன்னாராம். "பேசிட்டேன் சார், இப்பத்தான் பேசினேன்" என்று தெலுங்கிலேயே சொன்னாயாம். அந்த வாத்தியார் நம் வீட்டுக்கே வந்து உன் அப்பாவிடம் புகார் சொன்னார். வாத்தியாரின் பிரம்படியில் உன் கெண்டைக்கால் வீங்கியிருந்தது. எண்ணெய் தேய்த்துவிட்டது நான்தான். நீ பெரிய பேச்சுப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த வீங்கிய கால்தான் நினைவுக்கு வரும், அதனால் நம்புவேன். இந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு நான் நம்புவதற்கு எதைப் பிடித்துக்கொள்வது? மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிற இடத்தில் உட்கார்ந்தவன், தனக்கு நஷ்டம் வருகிற நாளில் என்ன செய்கிறான் என்றுதான் பிள்ளைகள் பார்ப்பார்கள். மற்ற நாளில் நீ சொல்வதெல்லாம் அவர்களுக்கு வெறும் பாடம்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். மாரக்கா வீட்டுக்குப் போனேன். முனியம்மா முந்தானையால் மணையைத் துடைத்துப் போட்டாள், கண்ணைப் பார்க்கவில்லை. "வேலைக்கு வர வேணான்னு சொல்லிட்டாங்கம்மா. ஊர்ல வேற யாரும் கூப்புடல. இவள அவங்கண்ணங்கிட்ட அனுப்பிடறன். பெங்களூர்ல ஒரு ஊட்ல பாத்திரம் கழுவ ஆள் கேட்டாங்களாம். இங்க இருந்தா வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டா" என்றாள். மாரக்கா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பூகோளப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் அன்றைக்கு வெளியே வரவில்லை.

அங்கிருந்து நேரே என் தம்பி வீட்டுக்குப் போனேன். கூலியை நிறுத்தினாயே, உனக்கு மனசு இருக்கிறதா என்று கேட்டேன். அவன் சிரித்தான். "அக்கா, எங்கிட்ட எதுக்கு வந்த? அவ செஞ்சது தப்புன்னு உம் புள்ளையே எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டான். படிச்சவன், செயிலுக்குப் போனவன். அவனே சொன்னதுக்கு அப்புறம் நான் யாரு?" என்றான். உன்னைப் பெற்ற பிறகு, உன் பெயரைக் கேட்டு நான் தலை குனிந்தது அன்றைக்குத்தான். திரும்பி வந்து, நம் மேட்டு நிலத்துக் கொள்ளுக் காட்டில் முனியம்மாவுக்கு வேலை சொன்னேன். என் தம்பி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாம்.

அந்த வாரம் சனிக்கிழமை பிள்ளைகள் தொண்டுக்குப் போகவில்லை. யாரும் தூண்டிவிடவில்லை, நான் சத்தியமாகச் சொல்கிறேன். துணை வாத்தியார் மணி அடித்தார், எல்லோரும் வரிசையாக வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். கூடைக்காரர்களும் எழவில்லை, பேப்பர்காரர்களும் எழவில்லை. சாவடியில் ஆட்கள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வாத்தியார் கெஞ்சினார். அப்போது சீனு எழுந்தான். "நான் செஞ்சது எனக்கு ஒண்ணும் அசிங்கமா இல்ல சார். எனக்கு நடக்காத அவமானத்துக்கு அவ எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? அவ வர வரைக்கும் நாங்க எதுவும் செய்யறதில்ல" என்றான். என் தம்பிக்குச் செய்தி போக எவ்வளவு நேரமாகும்? அடுத்த நாளே அவனை வண்டியில் ஏற்றிச் சேலத்தில் ஒரு விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். சீனு போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை. அந்தப் பையனை நம் பள்ளி இழந்துவிட்டது. அதுவும் உன் கணக்கில்தான் சேரும்.

துணை வாத்தியார் பயந்துபோய் என்னிடம் ஓடி வந்தார். "ஹெட்மாஸ்டர் சபையக் கூட்டக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரும்மா. கூட்டினா என் வேலை போயிடும்" என்றார். "போனா எங்க ஊட்ல சோறு இருக்குது. சாப்புட்டுட்டு அடுத்த வேலை தேடு. இப்ப சபையக் கூட்டு" என்றேன். நானே போய் மாரக்காவைக் கூப்பிட்டேன். அவள் பெங்களூருக்குப் போகத் துணிமணி எடுத்து வைத்திருந்தாள். "மன்னிப்புக் கேக்க மாட்டன்" என்றாள். யாரும் கேட்கச் சொல்லவில்லை என்றேன். "அப்ப சார் பேரு, வாத்தியார் பேரு, உங்க பேரு, எல்லாம் சீட்டுல போடணும். போட்டா வரன்" என்றாள். முனியம்மா பதறிப்போய் அவள் வாயைப் பொத்த வந்தாள். எனக்கு அந்த நேரத்தில் வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

சபை கூடியது. பெரியவர்கள் பெயரையும் சேர்க்க வேண்டுமா என்று புளியங்கொட்டை போட்டார்கள். வேண்டாம் என்று போட்டவர்கள் மிகக் கொஞ்சம் பேர். அதில் துணை வாத்தியாரும் ஒருவர் என்று நினைக்கிறேன், பாவம். பெயர்களை எழுதிப் பானையில் போட்டுக் குலுக்கினார்கள். எனக்குத் தெருக் கூட்டுவது வந்தது. கூட்டினேன். இந்த வயதில், இந்த ஊர்த் தெருவில், பண்ணைக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி துடைப்பம் பிடித்ததை எல்லாரும் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தார்கள். இடுப்பு வலித்தது, அவ்வளவுதான் நடந்தது. வானம் இடிந்து விழவில்லை.

கக்கூஸுக்கான சீட்டை ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று எடுத்தது. மாரக்கா பிரித்துப் பார்த்தாள், படிக்கவில்லை. வாத்தியாரிடம் நீட்டினாள். அவர் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் உரக்கப் படித்தேன். உன் பெயர். யாரோ சிரித்தார்கள். மாரக்கா முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்கள். "சார்தான் ஊர்லயே இல்லையே, வேற சீட்டு எடுக்கலாம்" என்றார் வாத்தியார். "ஊருக்குப் போனவங்க திரும்பி வரமாட்டாங்களா சார்?" என்று கேட்டாள் மாரக்கா. கடைசியில், பிள்ளைகள் பக்கத்துக் கக்கூஸுக்கு மறுபடி சீட்டுப் போடுவது, ஆசிரியர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் என்று தனியாக இருப்பதை உனக்கு விட்டுவைப்பது என்று தீர்மானித்தார்கள். அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு சின்னப் பெண் என் புடவையை இழுத்து, "சாருக்குப் பதிலா நீங்க செய்யறீங்களா?" என்று கேட்டாள். பெற்றவள்தானே, செய்துவிடுவாள் என்று நினைத்திருப்பாள். உன் வாந்தி, மூத்திரம் எல்லாம் அள்ளியவள்தான் நான். ஆனால் இதைச் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மாநாடு முடிந்து வரும்போது மாலையும் பட்டமும் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கிக்கொண்டு வா, அதில் எனக்கு வருத்தம் இல்லை. பஸ் பள்ளி வாசலிலேயே நிற்கும். இறங்கியதும் வீட்டுக்கு வராதே. முதலில் பிள்ளைகளைக் கூட்டி, எல்லோர் காது கேட்கவும் மாரக்காவிடம் நீ மன்னிப்புக் கேள். சீனுவுக்குச் சேலத்துக்கு ஒரு கடிதம் எழுது. பிறகு சாவியை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போ. சாம்பலும் மண்ணும் கூடையில் தயாராக இருக்கும், யாரும் உதவிக்கு வர மாட்டார்கள். முடித்துவிட்டுக் கிணற்றடியில் குளி. அப்புறம் வா, சோறு வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

உன் அம்மா